கடல் தெய்வமும் தந்தையை இழந்த மகளும்

மணிமேகலைக் காப்பியத்தின்மீது திறனாய்வாளர் கூறும் குறைகளுள் முதன்மையானது, அதில் தெய்வங்கள் வந்து கதையை நடத்துகின்றன என்பது. மக்கள் தம் அறிவாலும் முயற்சியாலும் தீர்த்துக்கொள்ள வேண்டிய சிக்கலைக் கடல் தெய்வம் ஒன்று வந்து தீர்த்துவைக்கிறது, கதைத் தலைவியை எடுத்துக்கொண்டு வான்வழிச் செல்கிறது, மந்திரங்களைக் கற்பிக்கிறது. இவையெல்லாம் சமயத்தைப் பரப்புவதற்காகச் சாத்தனார் செய்துகொண்ட ஏற்பாடுகள் என்பர். சிலப்பதிகாரத்தை நடத்தும்போது உணர்ச்சி பொங்கப் பேசும் தமிழாசிரியர் பலர், மணிமேகலைக்கு வந்ததும் கதைச் சுருக்கத்தோடு நிறுத்திக்கொள்வதற்கும் இந்த எண்ணமே காரணம் ஆகும்.

இக்குறை பொருந்துமா என்று நோக்குவதற்கு முன் ஒரு வினாவை எழுப்புவோம். பௌத்த சமயக் காப்பியம் ஒன்றுக்குக் கடல் தெய்வம் எதற்கு? அறம் உரைக்க அறவண அடிகள் இருக்கிறார். பழம்பிறப்பை உணர்த்தப் புத்த பீடிகை இருக்கிறது. நகரத்தில் சம்பாபதி என்னும் காவல் தெய்வம் இருக்கிறது. இத்தனையும் இருக்க, அலைகடலில் உறையும் ஒரு பெண் தெய்வத்தைத் தேடிப் பிடித்துக் கதையின் நடுவில் சாத்தனார் நிறுத்தியது ஏன்?

விடை காப்பியத்திற்குள்ளேயே இருக்கிறது. அந்தத் தெய்வம் வெளியிலிருந்து வந்ததன்று. அது மணிமேகலையின் தந்தை அவளுக்கு விட்டுச்சென்ற கதை. தந்தையை இழந்த மகள் ஒருத்தி, அவன் விட்டுச்சென்ற கடற்கதையைக் கொண்டு எவ்வாறு கரையேறுகிறாள் என்பதே இக்காப்பியத்தின் முன்பாதி. இந்த நோக்கில் படித்தால் மணிமேகலை நமக்கு, அதிலும் கடல் கடந்து வந்து கெடாவின் தோட்டங்களிலும் நகரங்களிலும் வாழ்ந்த தமிழர்க்கு, மிக அண்மையில் வந்து நிற்கும் நூலாகிவிடும்.

பெயரில் வந்த கதை

சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையில் மாடல மறையோன் கோவலனைச் சந்திக்கிறான். கோவலன் செய்த நற்செயல்களை ஒவ்வொன்றாக எடுத்துரைக்கும்போது, முதலில் அவன் நினைவூட்டுவது குழந்தைக்குப் பெயர் வைத்த நாளை. மாதவி மகளைப் பெற்றபோது கணிகையர் கூடிப் பெயர் சூட்ட முனைந்தனர். அப்போது கோவலன் தன் குலத்து முன்னோன் ஒருவனின் கதையைச் சொன்னான். அம்முன்னோன் நள்ளிரவில் கலம் உடைந்து கடலில் தத்தளித்தான். அவன் செய்த அறத்தின் பயனாக, இந்திரன் ஆணையால் அக்கடலைக் காக்கும் மணிமேகலா தெய்வம் அவன்முன் தோன்றி, அஞ்சாதே என்று கூறிக் கரை சேர்த்தது. அந்தக் குலதெய்வத்தின் பெயரையே குழந்தைக்கு இடுக என்றான் கோவலன். கணிகையர் ஆயிரவர் அப்பெயரைச் சொல்லி வாழ்த்தினர்.

இளங்கோவடிகள் இச்செய்தியை வைத்திருக்கும் இடத்தை ஆசிரியர்கள் மாணவர்க்குச் சுட்டிக்காட்ட வேண்டும். பெயர் சூட்டு விழாவை அது நடந்த காலத்தில், புகார்க் காண்டத்தில், அவர் பாடவில்லை. கோவலன் மதுரைப் புறஞ்சேரியில் இருக்கும்போது, அவன் கொலையுண்பதற்குச் சற்று முன்னே, பிறர் வாயிலாக நினைவூட்டுகிறார். தந்தை மகளுக்கு அளித்தது என்ன என்று கணக்குப் பார்க்கும் நேரம் அது. பொருளெல்லாம் அழிந்தது. எஞ்சியிருப்பவை ஒரு பெயரும், அப்பெயருக்குப் பின்னிருக்கும் ஒரு கடற்கதையும்.

பெற்றோர் சொன்ன கதை பிள்ளைக்கு உறவாகவே நின்றுவிடும் என்பது நெய்தல் நிலத்தார்க்குப் புதிதன்று. நற்றிணையின் 172ஆம் பாட்டில், விளையாட்டாக மணலில் புதைத்த விதை முளைத்துப் புன்னை மரமாகிறது. அம்மரம் உனக்கு உடன்பிறந்தாள் என்று தாய் மகளுக்குச் சொல்லிவைக்கிறாள். மகள் வளர்ந்த பின்னும் அம்மரத்தின் நிழலில் காதலனோடு பேச நாணுகிறாள். குறுந்தொகையின் 269ஆம் பாட்டிலோ, சுறாமீன் தாக்கிய புண் ஆறியதும் தந்தை மீண்டும் கடலுக்குப் போய்விட்டான்; தாய் உப்பை விற்று நெல் வாங்கச் சென்றுவிட்டாள். அகத்துறையில் அது தலைவனுக்குக் குறிப்பால் உணர்த்தும் செய்திதான். ஆயினும் அப்பாட்டு அமைந்திருப்பது, தாயும் தந்தையும் இல்லாத ஒரு கடற்கரை வீட்டின்மேல். பட்டினப்பாலை காட்டும் பரதவர் கடலுக்குச் செல்லாத முழுமதி நாளில் சுறாமீனின் கொம்பை நட்டு வழிபடுகின்றனர். தம்மவரைக் கொல்லவும் காயப்படுத்தவும் வல்ல உயிரின் கொம்பையே தெய்வமாக்கி வீட்டருகே நிறுத்திய மக்கள் அவர்கள். கடலின் கொடுமையைக் கதையாக்கியும் வழிபாடாக்கியும் பழகிக்கொள்ளும் இவ்வழக்கிலிருந்தே மணிமேகலா தெய்வத்தின் கதையையும் நாம் அணுக வேண்டும்.

மணிபல்லவக் கரையில்

இனிச் சாத்தனாரிடம் வருவோம். மலர்வனம் புக்க காதையில் மாதவி, கோவலன் கண்ணகி ஆகியோரின் துயர முடிவைத் தோழி வயந்தமாலையிடம் கூறுகிறாள். அருகில் மாலை தொடுத்துக்கொண்டிருக்கும் மணிமேகலை அதைக் கேட்கிறாள். அவள் கண்ணீர் பூமாலையில் விழுகிறது. மாலை தூய்மை இழந்தது, வேறு புதுமலர் பறித்து வா என்று தாய் அனுப்புகிறாள். மகளின் கண்ணீரைத் துடைக்கும் அன்பும், மேலும் அழவிடாமல் ஒரு வேலையைக் கொடுத்து அனுப்பும் தாய்மையின் தவிப்பும் அங்கே ஒருங்கே தெரிகின்றன. அந்த மலர்வனத்திலிருந்துதான் கதை புறப்படுகிறது.

கடல் தெய்வம் வருவது இதன் பின்னரே. இந்த வரிசையை மறந்துவிடலாகாது. மகளுக்கு உண்மை முதலில் தெரிகிறது. தெய்வம் அடுத்து வருகிறது. வந்த தெய்வம் உறங்குபவளை எடுத்துச்சென்று, தெற்கே முப்பது யோசனை தொலைவிலுள்ள மணிபல்லவத் தீவில் வைக்கிறது. யாழ்ப்பாணத்தை அடுத்த நயினாதீவே அது என்று கருதுவோர் உளர். பின்னர்ப் புகாருக்குத் திரும்பித் தோழி சுதமதியை எழுப்பி, மாதவிக்குச் செய்தி சொல்லியனுப்புகிறது. அச்செய்தியில், கடலில் ஒரு தெய்வம் உண்டு என்று கூறிக் கோவலன் இவளுக்குத் தன் பெயரை இட்ட நாளை அத்தெய்வமே நினைவுகூர்கிறது. இறந்த தந்தையின் சொல்லை வாயில் கொண்டு வரும் தெய்வத்தை வெறும் கதைக்கருவி என்று எப்படித் தள்ளுவது? கோவலன் அன்று வைத்த பெயருக்கு இன்று விடையாக வந்த தெய்வம் அது.

தீவில் மணிமேகலை கண் விழிக்கிறாள். முதலில் தான் இருப்பது பழைய மலர்வனத்தின் ஒரு பகுதியோ என்று மயங்குகிறாள். சுதமதி ஒளிந்து விளையாடுகிறாளோ என்று எண்ணி அழைக்கிறாள். விடை இல்லை. மணற்குன்றுகளும் நீர்ப்பறவைகளும் அலைகளும் மட்டுமே இருக்கின்றன. அஞ்சி நடுங்கும் அந்நேரத்தில் அவள் வாய்விட்டு அழைப்பது தாயையன்று, தெய்வத்தையும் அன்று. வேற்றுநாட்டில் வாளால் வெட்டுண்ட தந்தையை அழைத்து அழுகிறாள். மலர்வனத்துக்கு முன் அடக்கிவைக்கப்பட்ட அழுகை ஆளில்லாத கடற்கரையில் வெடித்து வருகிறது.

அந்த அழுகைக்கு முன்னே தோன்றுவது எது? தந்தை தோன்றவில்லை. தந்தையின் ஆவியும் தோன்றவில்லை. பழம்பிறப்பை உணர்த்தும் புத்த பீடிகை தோன்றுகிறது. அவள் கேட்டது ஒன்று, கிடைத்தது வேறொன்று. இதில் சாத்தனாரின் துணிவைக் காணலாம். மக்கள் மனம் விரும்பும் அற்புதம், இறந்தவர் மீண்டு வருவது. தெய்வங்களைத் தாராளமாக இறக்கிவிடும் ஆசிரியர், விரும்பியிருந்தால் ஒரு கணமேனும் கோவலனை மகளுக்குக் காட்டியிருக்கலாம். அவர் காட்டவில்லை. பின்னாளில் வஞ்சியில் அவள் கோவலன் படிமத்தையும் கண்ணகி படிமத்தையும் கண்டு வணங்குகிறாள். தன் பாட்டன் மாசாத்துவானையும் காண்கிறாள். படிமமும் பாட்டனும் உண்டு, தந்தை இல்லை. இழந்தது இழந்ததே என்பதில் காப்பியம் உறுதியாக நிற்கிறது.

ஆதிரையின் வாயிலில்

தந்தைக்கு மாறாகத் தீவில் அவளுக்குக் கிடைத்தது அமுதசுரபி. அதன் முன்னைய உரிமையாளன் ஆபுத்திரன். பெற்ற தாயே குழந்தையாக விட்டுச்சென்ற பிள்ளை அவன். பசு ஒன்று ஏழு நாள் பால் சுரந்து அவனைக் காத்தது. வளர்ந்தபின் பசித்தோர்க்கு உணவிட்டான். சாவக நாட்டில் பஞ்சம் என்று கேட்டுக் கப்பல் ஏறினான். இடையில் மணிபல்லவத்தில் இறங்கியவனை விட்டுவிட்டுக் கப்பல் போய்விட்டது. ஆளில்லாத் தீவில் யாருக்குமே பயன்படாத பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டு, உண்ணாதிருந்து உயிர் துறந்தான். தாய் கைவிட்ட பிள்ளையின் பாத்திரம் தந்தையை இழந்த பெண்ணின் கைக்கு வருகிறது. அதுவும் கடல் நடுவே உள்ள தீவில். இது தற்செயல் என்று கொள்ள இயலவில்லை.

பாத்திரத்தில் முதற் பிச்சை யார் இட வேண்டும்? ஆதிரை இட வேண்டும் என்று காயசண்டிகை கூறுகிறாள். ஆதிரையின் கணவன் சாதுவன் பொருளிழந்து கப்பலேறியவன். கலம் உடைந்தது. தப்பி வந்தோர், அவனும் இறந்தான் என்றனர். ஆதிரை தீப்புகுந்தாள்; தீ சுடவில்லை. சாதுவனோ ஒடிந்த மரத்தைப் பற்றி நாகர் மலையை அடைந்து பிழைத்து, பின்னர் ஊர் திரும்பினான். இறந்தான் என்று செய்தி வந்த பின்னும் கடலிலிருந்து திரும்பி வந்த ஒருவனின் வீடு அது. தந்தை திரும்பிவராத மகள் அந்த வீட்டு வாயிலில் ஓவியம்போல் நிற்கிறாள். பொறாமைக்கோ புலம்பலுக்கோ அங்கு இடமில்லை. ஆதிரை இட்ட உணவைக் கொண்டு முதலில் காயசண்டிகையின் தீராப்பசி தீர்கிறது. பிறகு ஊர்ப்பசி தீர்கிறது. கடைசியில் சிறைக்கோட்டம் அறக்கோட்டமாகிறது. பேறு பெற்ற வீட்டையும் பேறு அற்ற பெண்ணையும் ஒரு பிடி சோற்றால் இணைத்த இடம் இது. உலகக் காப்பியங்களிலும் இதற்கு நிகரான இடங்கள் சிலவே இருக்கும்.

கைம்பெண் மகன் சனகன்

மணிமேகலா தெய்வம் தமிழ்க் காப்பியங்களுக்கு மட்டும் உரியதன்று. பாலி மொழிச் சாதகக் கதைகளிலும் அது வருகிறது. பிரெஞ்சு அறிஞர் சில்வேன் லெவி 1930ஆம் ஆண்டையொட்டி இத்தெய்வத்தைப் பற்றித் தனிக்கட்டுரை வரைந்து, இருபுறக் கதைகளையும் ஒருங்கே வைத்துக் காட்டினார். நம் பொருளுக்கு மிக நெருங்கியது மகாசனக சாதகம்.

மிதிலை மன்னனை அவன் தம்பியே கொன்று அரசைப் பற்றினான். கருவுற்றிருந்த அரசி தப்பிச்சென்று, வேற்றூரில் ஓர் அந்தண ஆசிரியரின் ஆதரவில் மகனைப் பெற்றாள். சிறுவன் விளையாட்டில் மற்றப் பிள்ளைகளை அடித்தபோது, கைம்பெண் மகன் அடித்துவிட்டான் என்று அவர்கள் ஏசினர். சிறுவன் தாயிடம் சென்று, என் தந்தை யார் என்று கேட்டான். அந்த அந்தணரே உன் தந்தை என்றாள் தாய். மறுநாள் பிள்ளைகளிடம் அதைச் சொன்னான், அவர்கள் சிரித்தனர். மீண்டும் தாயிடம் வந்து, பால் குடிக்கையில் அவளைக் கடித்து, உண்மையைச் சொல் என்று வற்புறுத்தினான். தாயும் உண்மையைச் சொன்னாள். அதன் பிறகு அவன் அந்த ஏச்சுக்குச் சினம் கொள்ளவேயில்லை என்று கதை கூறுகிறது. பொய் சொன்ன நாள் ஏளனத்தில் முடிந்தது. உண்மை சொன்ன நாள் அமைதியில் முடிந்தது.

பதினாறாம் வயதில் சனகன் பொருள் தேடச் சுவர்ணபூமிக்குக் கப்பலேறினான். சுவர்ணபூமி என்பது நாம் வாழும் இத்தென்கிழக்காசியப் பகுதியே. நடுக்கடலில் கலம் உடைந்தது. ஏழு நாள் நீந்தினான். கடலைக் காக்க வேண்டிய மணிமேகலா தெய்வமோ அந்த ஏழு நாளும் கவனிக்கத் தவறிவிட்டது! ஏழாம் நாள் வந்து, கரை கண்ணுக்குத் தெரியாதபோது எதற்காக நீந்துகிறாய் என்று கேட்டது. தன்னால் இயன்றவரை முயல்பவன் சுற்றத்தார்க்கும் தேவர்க்கும் தந்தையர்க்கும் கடன்படாதவன் ஆகிறான் என்ற கருத்துப்பட அவன் விடையளித்தான். மகிழ்ந்த தெய்வம் அவனை எடுத்துச்சென்று மிதிலையின் மாஞ்சோலையில் விட்டது. மிதிலை அவன் தந்தையின் ஊர். ஆனால் தந்தை அங்கே இல்லை. அவர் விட்டுப்போன பொறுப்பு மட்டுமே காத்திருந்தது.

இரு கதைகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் மூன்று ஒற்றுமைகள் தெரியும். உண்மை தெரிந்த பிறகே தெய்வம் வருகிறது. வந்த தெய்வம் இறந்தவரை மீட்டுத் தருவதில்லை. அது பிள்ளையைத் தூக்கிச்சென்று விடும் இடம், இளைப்பாறும் இடமாக இல்லாமல், செயல் காத்திருக்கும் இடமாக இருக்கிறது. கடல் தெய்வக் கதையின் உள்ளீடு இதுவே என்பது என் துணிபு.

இத்தெய்வம் நமக்கு அண்டை வீட்டிலும் வாழ்கிறது. தாய்லாந்திலும் கம்போடியாவிலும் மின்னலைக் காட்டி மேகலையின் கைமணி ஒளிர்கிறது என்றும், இடியைக் காட்டி இராமசூரன் என்னும் அரக்கன் அவள்மீது கோடரி வீசுகிறான் என்றும் குழந்தைகளுக்குக் கூறுவர். தாய்லாந்து மன்னராக விளங்கிய பூமிபால் அவர்கள் மகாசனகன் கதையைத் தாமே எழுதி 1996இல் நூலாக வெளியிட்டார்கள். கெடா எல்லையைத் தாண்டினால் இன்றும் மக்கள் அறிந்த தெய்வத்தை, அதன் பெயரில் ஒரு பெருங்காப்பியமே உடைய நாம் வகுப்பறையில் அரைமனத்தோடு அறிமுகம் செய்கிறோம்.

தெய்வத்தின் மற்றொரு முகம்

கடற்கதை இனிய கதை மட்டுமன்று. அதே மணிமேகலா தெய்வம் புகார் நகரின் அழிவுக்கும் காரணமாகிறது. நாகநாட்டுப் பீலிவளை சோழ மன்னனுக்குப் பெற்ற மகனைக் கம்பளச்செட்டியின் கப்பலில் அனுப்புகிறாள். அன்றிரவே கலம் உடைகிறது. குழந்தை காணாமற் போகிறது. செய்தி கேட்ட மன்னன் மகனைத் தேடி அலைகிறான். இந்திர விழாவை மறக்கிறான். தெய்வம் சினக்கிறது, நகரைக் கடல் கொள்கிறது.

மகனை இழந்த தந்தையைத் தெய்வம் தண்டிப்பது கொடுமையன்றோ என்று மாணவர் கேட்பர், கேட்கவும் வேண்டும். அதற்கு விடையாக, காப்பியம் நிறுத்தியிருக்கும் இரண்டு துயரங்களை ஒப்பிட்டுக் காட்டலாம். தந்தையை இழந்த பெண் அழுது முடித்து ஊர்ப்பசியைத் தீர்க்கிறாள். மகனை இழந்த மன்னன் தன் துயரத்தில் ஊரையே மறக்கிறான். ஒரே கடல், ஒரே தெய்வம். துயரைத் தாங்கிய முறை வேறு. பெரியவன் ஆற்றாததைச் சிறியவள் ஆற்றுகிறாள். ஆயினும் ஒரு குறையை இங்கே மறைக்க வேண்டியதில்லை. ஊர் மக்கள் அனைவரும் மன்னனின் மறதிக்குப் பலியாவதைச் சாத்தனார் விரைந்து சொல்லிக் கடந்துவிடுகிறார். அவர்களுள் எத்தனைப் பிள்ளைகள் தாய்தந்தையரை இழந்தனர் என்ற நினைவு அவரிடம் எழவில்லை. ஒரு மகளின் துயரை அத்துணை நுட்பமாகக் கண்ட கவிஞர் ஒரு நகரின் துயரைச் செய்தியாக்கிவிட்டார்.

கடாரக் கரையில்

இவையெல்லாம் பாக்கார் ஆராங்கில் வாழும் தமிழாசிரியருக்கு எவ்வாறு பயன்படும்? சுங்கை பட்டாணியைச் சேர்ந்த அவ்வட்டாரத்தின் பெயர் மலாய் மொழியில் கரி சுடுதலைக் குறிக்கும். அங்கிருந்து பார்த்தால் தெரியும் ஜெராய் மலை, பண்டைக் கப்பலோட்டிகளுக்குக் கரை காட்டிய மலை. மெர்போக் ஆற்றை அடுத்த பூஜாங் பள்ளத்தாக்கில் பழங்காலக் கோயில்களின் அடித்தளங்கள் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. பட்டினப்பாலை கூறும் காழகம் என்பதற்குக் கடாரம் என்று நச்சினார்க்கினியர் உரை கூறுவார். 1834இல் ஜேம்ஸ் லோ என்னும் பிரிட்டிஷ் அதிகாரி செபராங் பிறை பகுதியில் கண்டெடுத்த கல்வெட்டு, புத்தகுப்தன் என்னும் மாலுமியினுடையது. காலம் ஏறத்தாழ ஐந்தாம் நூற்றாண்டு. பயணம் இனிதே முடிய வேண்டும் என்னும் வேண்டுதல் அதில் இருக்கிறது. வீட்டில் யாரோ காத்திருக்கப் போய்த்தானே அவ்வேண்டுதலைக் கல்லில் பொறிக்க நேர்ந்தது!

அதே லோ 1849இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட கெடாவின் பழங்கதை, ஹிக்காயாட் மேரோங் மகாவங்சா. அதுவும் கடலில்தான் தொடங்குகிறது. உரூம் நாட்டு இளவரசன் ஏறிவந்த கலங்களைக் கருடன் தாக்கிச் சிதறடிக்கிறான். இளவரசன் தன் நாட்டையும் தந்தையையும் விட்டுப் பிரிந்து தீவு ஒன்றில் ஒதுங்குகிறான். மேரோங் மகாவங்சா கெடாக் கரையில் இறங்கி லங்காசுகா என்னும் அரசை அமைக்கிறான். உடைந்த கலத்திலிருந்து ஒரு நாடு பிறந்தது என்று மலாய் மக்கள் தம் பிள்ளைகளுக்குச் சொல்லிவந்தனர். தமிழ்ப் பிள்ளையும் மலாய்ப் பிள்ளையும் ஒரே வகுப்பில் தத்தம் கடற்கதையைச் சொல்லிக்கொள்ள இது நல்ல இடம்.

இனி நம் தோட்டங்களின் வரலாற்றை எண்ணிப் பார்ப்போம். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு என்று சென்றுவந்த ரஜுலா கப்பல் 1926இல் கட்டப்பட்டு 1970களின் தொடக்கம்வரை ஓடியது. பின்னர் ஓடிய சிதம்பரம் கப்பல் 1985இல் தீப்பற்றியதோடு அந்தக் கடல்வழிப் பயணமும் முடிவுக்கு வந்தது. இக்கப்பல்கள் மக்களைச் சேர்த்ததைப்போலவே பிரிக்கவும் செய்தன. 1941 இறுதியில் போர் மூண்டதும் இந்தியாவுக்கும் மலாயாவுக்கும் இடையே கப்பல் போக்குவரத்து அற்றுப்போனது. ஊர் பார்க்கச் சென்றவர் அங்கேயும் குடும்பம் இங்கேயுமாக ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் கழிந்தன. 1942, 1943ஆம் ஆண்டுகளில் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் இரயில்பாதை அமைக்க ஜப்பானியர் மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளரை ஆயிரக்கணக்கில் கொண்டுசென்றனர், பலர் திரும்பவில்லை. 1968இல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தபின் குடியுரிமை இல்லாத பலர் வேலை இழந்து கப்பலேறினர். இம்மூன்று காலங்களிலும் பெரியவர்களின் துயரத்தைப் பற்றி நம் எழுத்தாளர் எழுதியுள்ளனர். ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ ஆகிய நாவல்கள் தமிழ் வாசகர் அறிந்தவை. லயத்து வாசலில் காத்திருந்த பிள்ளையின் பக்கம் நின்று எழுதியவை அவ்வளவு இல்லை.

அப்பிள்ளைக்கு வீட்டார் சொன்னது என்னவாக இருக்கும்? அப்பா ஊருக்குப் போயிருக்கிறார், கப்பலில் வருவார், வரும்போது பொம்மை வாங்கிவருவார் என்று சொல்லிவைப்பது நம் வீடுகளின் வழக்கம். இது அன்பினால் சொல்லும் பொய்தான். ஆனால் இதுவும் ஒரு கடற்கதையே என்பதையும், தவறான கடற்கதை என்பதையும் உணர வேண்டும். இக்கதையில் தந்தை வருவார் என்பது மட்டுமே உண்டு. பிள்ளைக்குச் செய்ய எதுவும் இல்லை, காத்திருப்பதைத் தவிர. கப்பல் வராத ஒவ்வொரு மாதமும் கதை பொய்யாகிறது. கடைசியில், சனகனுக்கு நேர்ந்ததுபோல, பள்ளிப் பிள்ளைகளின் ஏளனத்திலிருந்தே உண்மை தெரியவருகிறது. முன்னோர் கட்டிய கடற்கதையோ இதற்கு நேர்மாறானது. அதில் உண்மை முதலில் சொல்லப்படுகிறது. அழுவதற்கு ஒரு கரை தரப்படுகிறது. பிறகு கையில் ஒரு பாத்திரம் தரப்படுகிறது.

இரு மறுப்புகள்

இக்கருத்துக்கு இரு மறுப்புகள் எழக்கூடும். மணிமேகலை குழந்தை அல்லளே, காதலன் தேடிவரும் பருவத்துப் பெண்ணாயிற்றே என்பது ஒன்று. அவள் பருவமடைந்தவள் என்பது உண்மையே. ஆனால் கதை அவளுக்கு அளிக்கப்பட்டது தொட்டிற் பருவத்தில். அது பயன்பட்டது பின்னாளில். இளமையில் பெற்ற கதை எப்போது வேண்டுமாயினும் கைகொடுக்கும் என்பதையே இது காட்டுகிறது. தந்தையைப் பிரிந்த துயரும் பள்ளிப் பருவத்தோடு முடிந்துவிடுவதன்று.

மற்றொன்று, சாத்தனாரின் நோக்கம் நிலையாமையையும் வினைப்பயனையும் உணர்த்துவதே; பிள்ளையின் துயரைத் தீர்ப்பது அவர் கருத்தன்று என்பது. நூலின் முடிவு தவத்திறம் பூண்டு தருமம் கேட்பதில் இருப்பதை யாரும் மறுக்க இயலாது. ஆயினும் அறம் உரைக்கும் நூலுக்கு மாலையில் விழுந்த கண்ணீர்த்துளி தேவையில்லை. வெறுங்கரையில் தந்தையை அழைக்கும் குரல் தேவையில்லை. கோவலன் பெயரிட்ட நாளைத் தெய்வம் நினைவுகூர வேண்டிய தேவையுமில்லை. இவற்றைச் சாத்தனார் வைத்தது, துறவுக்குச் செல்லும் வழி துயரின் ஊடாகவே செல்கிறது என்பதை அறிந்ததனால். சமயக் கொள்கையை ஏற்பவரும் ஏலாதவரும் இவ்விடங்களில் ஒன்றாக நிற்க முடியும்.

வகுப்பறைக்கு

உ. வே. சாமிநாதையர் அவர்கள் மணிமேகலையை 1898இல் பதிப்பித்து நம் கையில் தந்தார்கள். அதன் முப்பது காதைகளையும் பள்ளியில் நடத்த நேரமிராது. மணிபல்லவத்துத் துயருற்ற காதையையும் ஆதிரை பிச்சையிட்ட காதையையும் மட்டுமேனும் முழுமையாக நடத்தலாம். நடத்தும்போது தெய்வம் எப்படிப் பறந்தது, மந்திரத்தின் பெயர் என்ன என்று வினவுவதைக் குறைத்துக்கொண்டு, அவள் யாரை அழைத்து அழுதாள், யார் வரவில்லை, பிறகு அவள் என்ன செய்தாள் என்று கேட்கலாம்.

வகுப்பில் தந்தையோ தாயோ உடன் இல்லாத பிள்ளைகள் இன்றும் இருப்பர். சிங்கப்பூரிலோ வேறு நகரிலோ வேலையில் இருப்போரின் பிள்ளைகள் உண்டு. பிரிந்துபோனோரின் பிள்ளைகள் உண்டு. இறந்தோரின் பிள்ளைகளும் உண்டு. அவர்களைத் தனியே எழுப்பி வினவுவது தகாது. கதையை எல்லோர்க்கும் பொதுவாகச் சொல்லிவிட்டால் போதும். வேண்டியவர் வேண்டியதை எடுத்துக்கொள்வர். பெயர் சூட்டிய தந்தை போன பின்பும் அப்பெயர் கடல் கடந்து உதவிக்கு வந்தது என்று கேட்கும் ஒரு பிள்ளை, தன் பெயரைத் தனக்கு வைத்தவர் யார், ஏன் வைத்தார் என்று அன்று மாலை வீட்டில் கேட்கக்கூடும். வீட்டார் அப்போது உண்மையான விடையைச் சொல்வார்களானால், அப்பிள்ளைக்கும் அமுதசுரபி கிட்டியதாகவே கொள்ளலாம்.